வியாழக்கிழமை மாத்திரை

மஞ்சூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
மருந்து கொடுக்கும் சன்னல் ஒன்றரைச் சாண்.
கை வரும், சீட்டு வரும்,
முகம் வர வேண்டுமென்றால் குனிய வேண்டும்.
"சாப்பிட்ட பிறகு" என்பதை
படுகு, கன்னடம், மலையாளம் மூன்றிலும்
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
பதினாறு வருட சர்வீஸ்.

ஆனி நாலாம் தேதி
ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து எடுக்க வந்தவள் நின்றாள்.
சீட்டில் சுக்மணி, வயது முப்பத்தெட்டு,
பிரஷர் நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.
பேசுவது இந்தியும் இல்லையாம், சாத்ரியாம்.
எனக்கு அந்த இந்தியே
ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும்தான்.

"காலையில் எட்டு மணி" என்றேன்.
சிரித்தாள்.
"ராத்திரி எட்டு மணி."
இன்னும் நன்றாகச் சிரித்தாள்.
பின்னால் நின்ற இருமல்காரர் சொன்னார்:
சார், பேரைச் சொல்லிக் கூப்பிடறீங்கன்னு நினைக்குது.

சரி, மொழியே வேண்டாம் என்று
ஒரு கவரில் சூரியன் போட்டேன், கதிர் எட்டு.
இன்னொன்றில் பிறை.
உலகத்துக்கே புரியுமே என்று
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
தலையாட்டினாள்.
தலையாட்டினால் புரிந்தது என்று
பதிவேட்டில் எழுதிக்கொள்கிற இலாகா எங்களுடையது.

பதினைந்தாம் நாள்
தோட்டத்து ஜீப்பிலிருந்து தாங்கி இறக்கினார்கள்.
மூக்கில் ரத்தம்.
சிஸ்டர் பெள்ளியம்மா காற்றடித்துப் பார்த்துவிட்டு
டாக்டருக்கு இரண்டு விரல் காட்டினார். இருநூறு.
"மாத்திரை போடலையா?"
எல்லோரும் கத்தினோம்.
தெரியாத மொழியை உரக்கச் சொன்னால்
தெரிந்த மொழி ஆகிவிடும் என்று
யார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கவர்களை நீட்டினாள்.
பிறையில் பதினைந்து, அப்படியே.
சூரியனில் பதினான்கு.
பிறகு சன்னலைக் காட்டினாள்.

சன்னலில் மஞ்சு.
எதிரே தபால் ஆபீஸ் இல்லை,
கொடிக்கம்பம் பாதிக்கு மேல் இல்லை,
வானம் என்கிற சங்கதியே இல்லை.
மஞ்சூரில் உட்கார்ந்துகொண்டு
ஆனி மாதத்தில்
சூரியன் வரைந்து கொடுத்திருக்கிறேன்.
குறைந்த அந்த ஒன்று,
போன வியாழன் மத்தியானம்
பத்து நிமிஷம் வெயில் அடித்ததே, அது.

நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டவள்
பதினாறு வருடத்தில்
இவள் ஒருத்திதான்.

சாயங்காலம் பிரஷர் இறங்கியதும்
சன்னலைச் சாத்திவிட்டு
வெளியே வந்து
பெஞ்சில் அவள் பக்கம் உட்கார்ந்தேன்.
பேனாவை அவளிடம் கொடுத்தேன்.
கொஞ்ச நேரம் பேனாவையே பார்த்தாள்.
சூரியனை அடித்தாள்.
அதன் கீழே முதுகில் மாட்டும் பை, வெறும் பை.
பிறையை அடித்துவிட்டு அதே பை,
வாய் பிதுங்க இலை.
டாக்டர் எட்டிப் பார்த்து,
எடை போடுகிற நேரம்தானே, ஆறு மணிக்குப் போட்டாலும் சரி என்றார்.

நான் தலையாட்டினேன்.
அவள் விடவில்லை.
வெறும் பையைத் தொட்டு,
எங்கே, நீ சொல் என்பதுபோல் பார்த்தாள்.
ஒரு விரல் காட்டி
வாயருகே கொண்டுபோனேன்.
அப்புறம்தான் கவரை வாங்கிக்கொண்டாள்.

ஜீப் கிளம்பி
பின் விளக்கு மஞ்சுக்குள் கரைந்த பிறகு
நினைவு வந்தது.
ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை.
ஞாயிறுக்கு என்ன வரைவது?