கேட் போட்டிருக்கும்போது

கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டால்
எனக்கு அது கிளினிக்.
முன்னால் போகவும் முடியாது, திரும்பவும் முடியாது,
கையை நீட்டுவதைத் தவிர
யாருக்கும் வேறு வேலை இல்லை.

வீட்டுக்குப் போனால் சத்தமே இருக்காது.
கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.
என் தோள்பையும் லோன்காரர் தோள்பையும்
ஒரே நீலம்.
"சுகர் அக்காம்மா, சுகர் அக்கா" என்று கத்திய பிறகுதான்
தாழ்ப்பாள் நகரும்.

முதலில் எத்திராஜுலு. குட்டியானை ஓட்டுகிறார்.
ஜன்னல் வழியாகவே கையை இழுத்துப் பட்டையைச் சுற்றினேன்.
நூற்று அறுபத்தெட்டு. கீழே நூற்று நான்கு.
"மாத்திரை?"
"போட்டுனுதான் கீறேன்மா."
"தினமுமா?"
சரக்குப் பெட்டிகளை எண்ணுகிறவர்போல
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.
"ஒரு நாளு நானு. ஒரு நாளு வூட்ல.
அவளுக்கு அட்டை போடல. ஆதார்ல நெல்லூர் அட்ரஸு."

ஆக, ஒரு மாதத்து மாத்திரை அந்த வீட்டில்
ஒற்றைப்படைத் தேதியில் புருஷனுக்கு,
இரட்டைப்படையில் பெண்டாட்டிக்கு.
"முப்பத்தொண்ணும் ஒண்ணும் அடுத்தடுத்து வருமே?"
"அன்னிக்கு யாருக்குத் தல சுத்துதோ
அவங்களுக்கு."

என் நோட்டில் கட்டங்கள் உண்டு.
மேலே, கீழே, சாப்பிடும் முன், சாப்பிட்ட பின்.
சாப்பிடாததற்குக் கட்டம் இல்லை.
செவ்வாய்க்கிழமைக்கும் இல்லை.
மூன்று மாதம் எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது:
எண்கள் திங்களன்றே ஏறத் தொடங்குகின்றன.
செவ்வாய் பதினொரு மணிக்குக் குழுத் தவணை கட்டினவர்களுக்கு
புதன்கிழமை இறங்கிவிடுகிறது.
மற்றவர்களுக்கு அடுத்த செவ்வாய்வரை அப்படியே.

ஓரத்தில் பென்சிலால் 'செ' என்று போட ஆரம்பித்தேன்.
சுகாதார நிலையத்து டாக்டர் சின்னப் பெண்.
"செ-ன்னா என்னக்கா, செரிமானமா?"
சொன்னேன்.
பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.
வெளியே வரிசை தெருவரைக்கும் நின்றது.
பேனாவைத் திறந்து
மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார்.

எங்கள் குழுவுக்குத் தவணை வெள்ளிக்கிழமை.
அன்றைக்கு மட்டும் மெஷினை
என் கைக்குக் காட்டுவதில்லை.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்:
டென்ஷன் என்றால் நாலு எண்ணி மூச்சை இழு,
நாலு எண்ணி நிறுத்து, ஆறு எண்ணி விடு.
கூடையோடு நிற்கிற டெய்சிராணியிடம் சொன்னேன்.
காசிமேட்டில் இறால் உரிக்கிறவள்.
ஊசி குத்த ஒரு விரல் நுனி கிடைக்காது,
அத்தனையும் கீறல்.
"இழுக்கறேன்க்கா. இன்னிக்கு மணலிக் காத்தா,
கொடுங்கையூர் குப்பக் காத்தா?
எத இழுக்க, எத நிறுத்த?"
கூடை ஆடும்வரை சிரித்தோம்.
முன்பு எடுத்ததைவிடப் பன்னிரண்டு புள்ளி இறக்கம்.
சிரித்தபின் வந்த எண்ணையே எழுதினேன்.
தப்புதான். அழிக்கவில்லை.

ஷேர் ஆட்டோ கமாலுதீனுக்குப் பட்டை உப்பிக்கொண்டிருந்தபோது
கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னாலிருந்து அத்தனை ஹாரனும் ஒன்றாக.
அவர் ஒரு கையால் ஆக்ஸிலேட்டரை முறுக்க,
பட்டை மறுகையில்,
ரப்பர் குழாயின் இந்த முனையில் நான்,
மெஷினை மார்போடு பிடித்துக்கொண்டு
ஓடி ஏறி, காய்கறிக்காரம்மா மடியில் பாதி உட்கார்ந்து
தண்டவாளத்தைத் தாண்டினேன்.

குலுக்கலில் எண் வரவில்லை.
"என்னக்கா காட்டுது?"
"வண்டி நிக்கணும்ண்ணே. அஞ்சு நிமிஷம்."
அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்,
என்னைத் தாண்டி இன்னும் நிரம்பாத பின்சீட்டைப் பார்த்தார்.
காற்று இறங்கிய பட்டையை
ஒற்றைக் கையாலேயே பிய்த்துக் கொடுத்தார்.

"பன்னெண்டே காலுக்கு எண்ணெய் வண்டி ஒண்ணு வரும்.
எப்பிடியும் கேட் போடுவான்.
அங்கயே நில்லு."