பட்டியலில் இருபத்தேழாவது சொல்

கொழும்பிலிருந்து அறுபத்திரண்டு சொற்கள் வந்தன,
ஓர் எக்செல் தாளில்.
வலப்பக்கக் கட்டங்களைத்
தமிழால் நிரப்பவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.
ஒட்டுசுட்டான் கிளையில்
எழுத்துப்பிழை இல்லாமல் பற்றுச்சீட்டு எழுதுகிறவள்
நான் ஒருத்திதானாம்.

சிக்னலுக்குச் 'சமிக்ஞை' என்று போட்டேன்.
றீலோட் போட வந்த தவரூபன் எட்டிப் பார்த்து
"அது மாங்குளத்து றயில் கடவையில நிக்கிற சாமானெல்லோ" என்றான்.
அழித்தேன்.
சிக்னல் சிக்னலாகவே கிடக்கட்டும்.

கவரேஜ்: எட்டும் எல்லை.
முத்தையன்கட்டில் அது
வலதுகரை வாய்க்காலின் இரண்டாம் மதகோடு முடிகிறது.
அதற்கப்பால் ஒரு பாலைமரம்,
அதன் கவட்டில் சைக்கிள் ரியூப்பால் கட்டிய ஒரு போன்,
ஹொட்ஸ்பொட் திறந்தபடி.
கீழே நாலு பொடியள் அண்ணாந்து நிற்கிறார்கள்,
பழத்துக்கு நிற்பதுபோல.
இதற்குப் பட்டியலில் சொல் இல்லை.
அறுபத்துமூன்றாவது கட்டம் ஒன்றை நானே போட்டு
ஏதோ எழுதினேன்,
பிறகு வெட்கப்பட்டு நீக்கினேன்.

லேட்டன்சி: சொன்னதற்கும் கேட்டதற்கும் இடையிலான சுணக்கம்.
மில்லிசெக்கனில் அளப்பார்களாம்.
கச்சேரிக் கடிதத்துக்கும் இதே சொல் போதும்,
அலகு மட்டும் வேறு.

ரோமிங்: பிறர் நிலத்தில், பிறர் கம்பத்தில் தங்குதல்,
கூடுதல் கட்டணத்தோடு.
கனடாவில் இருக்கும் சின்னண்ணனுக்கு அனுப்பிச்
சரியோ என்று கேட்டேன்.
"சரிதான்" என்று எழுதினான்.
வேறொன்றும் எழுதவில்லை.

மிஸ்ட் கோலுக்குக் கட்டம் நிரப்பவே மனமில்லை.
ஒரு மணி அடித்தால்: வீட்ட வந்திட்டன்.
இரண்டு மணி: பஸ் விட்டிட்டன்.
மூன்று மணி:
கரிப்பட்டமுறிப்பு ரவருக்குக் கீழ
யானை முதுகு தேய்க்குது, சுத்திப் போ.

இருபத்தேழு. ஹேண்ட்ஓவர்.
விளக்கம் இப்படி இருந்தது:
ஓடும் வண்டியிலுள்ள அழைப்பை
பேச்சு அறுந்துபோகாமல்
ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் கொடுப்பது.
பேசுகிறவருக்கு அது தெரியவே கூடாது.
அகராதி தந்தது: கையளித்தல்.
எழுதினேன்.
கட்டத்துக்குள் அடங்கும் சின்னச் சொல்.

பத்மலோசினி அக்கா வந்தார். நூறு ரூபா றீலோட்.
புதுச் சிம் எடுங்கோ, டேட்டா சும்மா தாறம் என்று
மூன்று வருடமாகச் சொல்கிறேன்.
"நம்பர் மாத்தேலாது தங்கச்சி.
குடுத்த மனுவெல்லாத்திலயும் இதுதானே கிடக்குது."
பணத்தை நீட்டிய கை நீட்டியபடி நிற்க
அவர் திரையை வாசித்தார்,
ஒவ்வோர் எழுத்தாக.

"இது என்ன?"
சொன்னேன். ரவர், வண்டி, அழைப்பு.
"குடுக்கிறது ஒருத்தருக்கும் தெரியாதோ?"
"பேசிறவைக்குத்தான் தெரியாது அக்கா.
குடுத்த ரவரும் எடுத்த ரவரும் பதிஞ்சு வைக்கும்.
எத்தினை மணிக்கு, எந்த நம்பர்,
எவரிட்டயிருந்து எவரிட்ட."
"பதிஞ்சு வைக்குமோ?"
"ஓம்."
"எல்லாத்தையுமோ?"
மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
"எங்களுக்கு ஒரு துண்டும் தரேல்லை" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"அப்ப ரவர் பரவாயில்லை."

வழக்கத்தில் நூறு ரூபாவுக்கு நாங்கள் பற்றுச்சீட்டு எழுதுவதில்லை.
அன்று எழுதினேன்.
திகதி, நேரம், இலக்கம், கொடுத்தவர், பெற்றவர்.
நாலாக மடித்துப் பேர்சுக்குள் வைத்துக்கொண்டு
வெயிலில் இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை தாளை அனுப்பினேன்.
பின்னேரம் கொழும்பிலிருந்து ஒரு பொடியன் எடுத்தான்:
"மிஸ், இருபத்தேழு வெறுமையா இருக்கே?"
கேட்கேல்லை, லைன் இரையுது என்றேன்.
ஐந்து கோடும் நிறைந்துதான் நின்றன.