பத்து கிலோ சுண்ணாம்பு

கத்திரி பிறந்து மூன்றாம் நாள்
தொட்டித் தண்ணீரில் கைவைக்க முடியவில்லை.
மின்விசிறி, மேலே தேங்கிய சூட்டை
வாரி வாரி என் முகத்தில் கொட்டியது.
காடாம்புலியூரில் இது
முந்திரிமரம்கூட நிழலைத்
தனக்கே வைத்துக்கொள்ளும் மாதம்.

கடலூர் ஓ.டி.க்குப் போன தென்னவனிடம்
பணம் கொடுத்தனுப்பி
பத்து கிலோ கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கினேன்.
தகர டிரம்மில் தண்ணீர் விட்டதும்
உலையாகக் கொதித்து
ராத்திரி முழுக்க முனகிக்கொண்டிருந்தது.

ஏணிக்கு அஞ்சலாட்சி வீட்டுக்குத்தான் போகவேண்டும்.
தை மாதத்திலிருந்து பேச்சு சரியில்லை.
என் மோட்டார் ஓடினால்
அவள் குழாய் இருமுகிறதாம்.
"எடுத்துக்கோ. பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும்"
என்றாள், என்னைப் பார்க்காமல்
ஏணியைப் பார்த்து.

இரண்டு வீடு, ஒரே தளம்.
தொகுப்பு வீடு கட்டியவன்
அப்படித்தான் கட்டிவிட்டுப் போனான்.
நடுவில் ஒற்றைச் செங்கல் வரிசை.
அதன்மேல் காக்காய் மட்டும்
இரண்டு பக்கமும் பார்த்து நடக்கும்.

விடியுமுன்னே ஏறிவிட்டேன்.
கஞ்சித்தண்ணி, ஒரு கை உப்பு, ஒரு பாக்கெட் பசை.
முந்திரி உடைத்து உடைத்துத்
தோலுரிந்த விரல்நுனியில்
சுண்ணாம்பு ஏறியபோது
யாரையாவது திட்டவேண்டும் போலிருந்தது.
யாரும் இல்லை. துடைப்பத்தைத் திட்டினேன்.
ஏழு மணிக்கு வெயில் வந்து பார்க்கையில்
என் பாதி கண் கூசியது.

மத்தியானம் கூடத்தில்
காற்று காற்றாகவே வந்தது.
அஞ்சலாட்சி பக்கத்து அறை மட்டும்
பணியாரக் கல்லாகவே இருந்தது.
கொத்தனார் இளவழகன்
சைக்கிளை நிறுத்தாமலே சொன்னார்:
"கம்பி ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணாத்தானே ஓடுது.
சூட்டுக்குச் செங்கல்லா தெரியும்?"

மறுநாள் டிரம்மில் அரை வாளி மிச்சம்.
செங்கல்லைத் தாண்டி
ஒரு முழம்தான் இழுத்திருப்பேன்.
அவள் ஏணியில்
அவள் தலை முளைத்தது.
"எவளைக் கேட்டுடி என் மாடிக்கு வெள்ளையடிக்கிற?
இந்தக் கருந்தரைதான் என் மிளகாயைக் காயவைக்குது.
சுண்ணாம்பு ஒட்டுன மிளகாய எவன் வாங்குவான்,
நீ வாங்குறியா பூங்காவனம்?"

என்னிடம் பதில் இல்லை.
துடைப்பத்திலிருந்து வெள்ளை
சொட்டிக்கொண்டிருந்தது, அவள் பக்கம்தான்.
கீழே அவள் மகள் ரேவதியின் பிள்ளை அழுதது.
நாற்பது நாள் பிள்ளை. முதுகெல்லாம் வேர்க்குரு.

அஞ்சலாட்சி கால்விரலால்
தரையில் ஒரு வட்டம் போட்டாள்.
"இதுக்குக் கீழதான் ஏணை.
இங்க மட்டும் அடி."
கொஞ்சம் நின்று, "மூணு பூச்சு" என்றாள்.
இன்னும் கொஞ்சம் நின்று,
"அந்தாளு நாற்காலி கிடக்கிற எடம் வேணாம்.
வேகட்டும்."

என் தொட்டியோரம் பூசாமல் விட்ட மூலையில்
மறுநாள் அவள் மிளகாய் கிடந்தது.
கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை,
இருமினேன்.
தண்ணீர் திறக்க டேங்க் மேல் ஏறும் ராயப்பன்
மேலிருந்து பார்த்தால்
வெளுக்கப் போட்ட கிழிசல் வேட்டி மாதிரி இருக்கிறது
என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான்.

ஆறாம் நாள் சாயங்காலம்
மேற்கே இருட்டி, புழுதி எழும்பி,
பதினைந்தே நிமிஷ மழை.
மிளகாயை நாலு கையால் வாரினோம்.
கண்ணெரிச்சலோடு இறங்கி வந்தால்
பொங்கலுக்கு அவள் அடித்த மயில்பச்சைச் சுவரில்
மேலிருந்து கீழ்வரை
பத்துப் பன்னிரண்டு பால்கோடு.

அவள் சுவரைப் பார்த்தாள்.
நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.
உள்ளே பிள்ளை
தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏணி எங்க?" என்றாள்.