நான்காவது தவறு

காலை ஆறு இருபது. பூங்கா ரயில் நிலையம்.
பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது.
கையுறைப் பவுடர் இன்னும் நகக்கண்ணில்.
போனைத் திறக்கிறேன்.
பதினாறு கட்டம், பதினாறு சொல்,
நான்கு நான்காய்ச் சேர்க்க வேண்டும்.
மூன்று தவறு வரை பொறுத்துக்கொள்ளும்,
நான்காவதில் ஆட்டம் முடியும்.

படி, நாழி, உழக்கு, மரக்கால்.
கூடவே, எதற்கென்று தெரியாமல், கோட்டை.

இரவு முழுக்க இதே வேலைதான்.
ஏ, பி, ஏபி, ஓ.
தகட்டில் ரத்தம், அதில் நீலம் ஒரு சொட்டு,
பக்கத்தில் மஞ்சள் ஒரு சொட்டு.
திரிந்தால் ஒரு பதில், திரியாவிட்டால் ஒரு பதில்.
அங்கே முதல் தவறுக்கே மன்னிப்பு கிடையாது.

நேற்றுப் பதினொன்றரைக்கு வந்த குழாயில்
பொற்கொடி, 26, பிரசவ வார்டு என்றிருந்தது.
நீலத்தில் திரியவில்லை, மஞ்சளில் திரியவில்லை.
ஓ என்று எழுதப் பேனாவை எடுத்தேன்.
எழுதியிருப்பேன்.
ஜெபக்கனிதான், டீயை ஆற்றிக்கொண்டே,
"சீரத்தை ஓ செல்லோட போட்டுப் பாத்தியா?" என்றாள்.
போட்டேன்.
எலுமிச்சை பட்ட பால் போலத் திரிந்தது.

ஓ போலவே இருந்து
ஓ-வோடு ஒட்டாத ரத்தம்.
பாம்பே வகை.
பத்தாயிரத்தில் ஒருவர் என்று பாடத்தில் படித்தது,
பதினோரு வருடத்தில் எனக்கு இது இரண்டாவது.
டைரியின் கடைசிப் பக்கத்தில் மூன்று எண்கள்.
முதல் எண் உபயோகத்தில் இல்லை.
இரண்டாவது ஆள் துபாய் போய்விட்டாராம்,
தூக்கக் கலக்கத்தில் மனைவி சொன்னார்.
மூன்றாவது இம்தியாஸ்,
பல்லாவரத்தில் தோல் கம்பெனிக் கணக்கர்.
"வண்டியில பெட்ரோல் இருக்கான்னு பாக்குறேன் மேடம்."
வேறு எதுவும் கேட்கவில்லை.
ஒன்றரைக்கு ஹெல்மெட்டோடு வந்து நின்றார்.
ஐந்து மணிக்குப் பை மாடிக்குப் போனது.
பொற்கொடியின் முகம் எனக்குத் தெரியாது.
நாங்கள் லேபிளோடு மட்டும் பழகுகிறவர்கள்.

சேத்துப்பட்டில்
ஜெபக்கனி ஊர்ப் பேச்சில் வரும் கோட்டை நெல் நினைவுக்கு வர,
நாழியோடு கோட்டையைச் சேர்த்தேன். தவறு.
நுங்கம்பாக்கம் தாண்டி,
வதக்கி, வறுத்து, தாளித்து, கிண்டி.
உப்புமா வாசனையே வந்துவிட்டது.
அழுத்தினேன். தவறு.
மாம்பலத்தில் கூட்டம் ஏறியது,
யாருடைய பூக்கூடையோ என் முழங்காலில்.
ஆனி, மாசி, தையோடு இருக்க வேண்டிய ஆடியை
அடுக்களையில் கொண்டுபோய்ப் போட்டேன்,
தூக்கம் அப்படி. தவறு.

ஆனால் என்ன சுகம், இப்படித் தப்பு செய்வது!
கட்டங்கள் லேசாய் நடுங்கி
பழைய இடத்துக்கே வந்துவிடுகின்றன.
யாருக்கும் குளிர்க்காய்ச்சல் ஏறுவதில்லை,
யாருக்கும் சிறுநீர் கறுப்பதில்லை.

வண்டி வேகம் குறைந்தது.
ஜன்னலுக்கு நேரே, மஞ்சள் பலகையில்,
இவ்வளவு பெரிய எழுத்தில்: கிண்டி.
ஐயோ.
கடற்கரை, கோட்டை, பூங்கா, கிண்டி.
ஏறிய நிலையத்தையே இவ்வளவு நேரம்
மரமும் புல்தரையுமாய் நினைத்துக்கொண்டிருந்தேன்.
மிச்சமெல்லாம் தாமாக விழுந்தன,
ஆடியும் தன் மாதத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பல்லாவரம்.
இந்தத் தெருக்களில் எங்கோ ஒரு மாடியில்
இடது கை மடிப்பில் பிளாஸ்திரியோடு
ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்.
ஒன்பதரைக்கு அவருக்கு ஆபீஸ்.

வண்ணக் கட்டங்களை ஜெபக்கனிக்கு அனுப்பினேன்.
"கிண்டி தெரியலையா உனக்கு?
தினம் அந்த வழியாத்தானே போற?"
கொஞ்சம் கழித்து இன்னொரு வரி:
"மேல இருந்து போன் வந்துச்சு.
கண்ணு முழிச்சு, பிள்ளை எங்கேன்னு கேட்டாளாம்."

அதையே படித்துக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தபோது சானடோரியம்.
குரோம்பேட்டை எப்போதோ போய்விட்டது.

நான்கு.

இறங்கி, படியேறி, எதிர்ப்பக்கம் வந்து நிற்கிறேன்.
அடுத்த கடற்கரை வண்டிக்கு
எட்டு நிமிடம் இருக்கிறதாம்.