வெள்ளிக்கிழமை

ஃப்ரெஸ்னோவில் நவம்பர் மூடுபனி.
என் பொறுப்பில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்;
திரையில் அவர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு.

பாகூ ஷியோங் நேற்றுவரை பச்சை.
இரவு இரண்டேகாலுக்குக் கேட்டிருக்கிறாள்:
வேதியியலைக் கைவிடக் கடைசி நாள் எது?
வெள்ளிக்கிழமை, என்றது எந்திரம்.
பிழையில்லை.
மறுபடி கேட்டாள்.
வெள்ளிக்கிழமை.
நாலாம் தடவையும்
முகம் சுளிக்காமல், சுளிக்க முகமில்லாமல்,
வெள்ளிக்கிழமை.

நானாயிருந்தால்
இரண்டாவதிலேயே எரிந்து விழுந்திருப்பேன்.

காலையில் எனக்கொரு குறிப்பு வைத்திருந்தது:
‘கேள்வி தேதியைப் பற்றியதல்ல போலும்.’

அழைத்தேன்.
பாதாம் ஆலை இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஹலோ.
என்ன பேசலாமென்று
திரை மூன்று வரி நீட்டியது.
நல்ல வரிகள்தான்.
ஷிப்டு எப்போது முடியும் என்றேன்.
பதிலை ஃபோர்க்லிஃப்ட்டின் பீப் பீப் தின்றுவிட்டது.

மறுபடி கேட்டேன்.