மாடியில் தேங்கிய நீர்

ஐப்பசி பிறந்தால்
வெள்ளவத்தைக்கு மழை சொன்ன நேரத்துக்கு வருகிறது:
மூன்றரை,
பள்ளிக்கூட வான்கள் காலி வீதியில் சிக்கிக்கொள்ளும் அதே மூன்றரை.

காலையில் காற்றே இல்லை.
எண்ணெய் விட்டு அடுப்பு மூட்ட மறந்த தாச்சிபோலக்
கிடக்கிறது கடல்.
பிறகு அவிசாவளைப் பக்கம் கறுக்கும்.
முதல் இடிக்கு நான் டீவி பிளக்கைக் கழற்றுவேன்,
கீழ்வீட்டுப் பரீஹா துணி எடுக்க மாடிக்கு ஓடுவாள்.
படியில் இடித்துக்கொள்வோம். மன்னிப்புக் கேட்பதை
இரண்டு பேரும் எப்போதோ விட்டுவிட்டோம்.

ஸ்காபரோவிலிருந்து வதனா
சிவந்த இலைகளின் படம் அனுப்பியிருந்தாள்.
பதிலுக்கு நான் மின்னலைப் பிடிக்கப் பார்த்தேன்.
பதினேழு படம்.
பதினாறில் இருட்டு,
மிச்சம் ஒன்றில் என் பெருவிரல்.
அதைத்தான் அனுப்பினேன்.

போன கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.
தாங்கி மூடி, பூச்சாடித் தட்டு,
ஏசிக் குழாய் சொட்டும் மூலை,
எல்லாவற்றுக்கும் டோர்ச் அடித்தார்.
சிவப்புத் தாள் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார், மூன்று மொழியிலும்.
மாடியில் நீர் நின்றால் நுளம்பு,
நுளம்பு நின்றால் வழக்கு.
எங்கள் கட்டடம் சற்றே சரிந்தது. பெய்வதெல்லாம்
தென்மேற்கு மூலைக்கு வந்து உட்கார்ந்துவிடும்.
இன்று கூட்டித்தள்ளும் முறை எனக்கு.

அமாவாசை, தீபாவளி வேறு.
பட்டாசுப் புகை கலையட்டும் என்று இருந்து
பதினொன்றரைக்கு ஏறினேன், தும்புத்தடியோடு.

மேற்கே வரிசையாய் வெளிச்சம்.
நட்சத்திரம் என்றே எண்ணத் தொடங்கி
ஏழாவதில் விளங்கியது,
துறைமுகம் கூப்பிடும்வரை நிற்கும் கப்பல்கள்.
வடக்கே தாமரைக் கோபுரம்
ஊதா, பச்சை, மறுபடி ஊதா.
அந்தப் பக்கம் வானம் வாடகைக்குப் போய்விட்டது.

கிழக்கே, கட்டி முடியாத மாடிகளின் கிரேனுக்கு மேலே
மூன்று புள்ளி, ஒன்றன்மேல் ஒன்று,
லிஃப்ட் பொத்தான்கள் மாதிரி.
அவற்றுக்கு இடப்பக்கம் திருவாதிரை, தணல் நிறம்.
இன்னும் மேலே கார்த்திகை.
ஆறு என்பார்கள். எனக்கு நாலு.
கண்ணாடியைத் துடைத்தால் ஐந்து.

பரீஹாவும் வந்தாள், மறந்துபோன தலையணை உறை தேடி.
"ஷாக்கிர் செல்றான், இண்டைக்கு எரிகல் விழுமாம்."
அதைச் சொன்னவன் நித்திரை.
கவிழ்த்த பெயின்ட் வாளிகளில் உட்கார்ந்தோம்.

நான் தற்செயலாய்க் கீழே பார்த்தேன்.
தேங்கிய நீரில் ஒரு வெளிச்சம், மினுக்காமல்.
நிமிர்ந்தால் உச்சி கடந்து சனி.
ஏழரை இன்னும் விடவில்லை என்று
சாத்திரியார் விரல் மடக்கிய அதே சனி
தும்புத்தடிக்கு ஒரு சாண் தள்ளி,
ஒரு சிகரெட் துண்டுக்குப் பக்கத்தில்,
சாதுவாக.

"அந்தா!" என்றாள் பரீஹா.
நான் திரும்புமுன் முடிந்துவிட்டது.
எப்படி இருந்தது என்று கேட்டேன்.
"தீக்குச்சி கிழிச்சு, பத்தாமப் போன மாதிரி."

கொஞ்ச நேரம் தள்ளாமல் நின்றேன்.
இந்த ஊரில் எனக்கென்று
இவ்வளவு கிட்ட எதுவும் இறங்கி வந்ததில்லை.
அடுத்த நொடி காதோரம் நுளம்பு பாடியது.
தள்ளினேன்.
சனி மூன்றாய், எட்டாய் உடைந்து
குழாய் வாயில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினார்.
நாலு மாடி கீழே
சீமெந்துக் கானில் சத்தம் கேட்டது.

மேலே பார்த்தேன். இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

கடைசி மூலையைப் பரீஹா
செருப்புக் காலால் ஒதுக்கினாள்,
தலையணை உறையைத் தோளில் போட்டாள்.
"நாளைக்கு எண்ட முறை," என்றாள்,
"மூண்டரைக்கு மறுகா வரும்."