மூன்றாம் பலகை

கோட்டை ஒரே ராத்திரியில் விழுந்தது.
மறுநாள் ராயசம் எழுதும் என்னை அழைத்து
'நாடு பிடிபட்டது' என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன். மை காய மணல் தூவினேன்.
ஆற்று மணல்தான்.
அதுவும் அன்று காலையிலிருந்து எங்களுடையது.

வெண்ணாற்றுக்குத் தெற்கே எழுபத்திரண்டு கிராமம்.
பெயர் சொல்லத்தான் ஆளில்லை.
எல்லோரும் கொள்ளிடம் தாண்டிவிட்டார்கள்,
மாடு, விதைக்கோட்டை, ஏர்க்கொழு,
உற்சவரைக்கூட வைக்கோலில் சுற்றித் தூக்கிக்கொண்டு.
தளகர்த்தர் திம்மோஜி ஓர் அடுப்பில் கைவைத்துப் பார்த்து
'சாம்பல் சுடுகிறது, தூரம் போயிருக்க மாட்டார்கள்' என்றார்.
அது ஆனி மாதம்.
ஆடியிலும் அதையேதான் சொன்னார்.

ஆடியில் தண்ணீர் வந்தது.
அதற்கு யாரும் தாக்கீது அனுப்பியிருக்கவில்லை.
மதகுக்கொரு ஈட்டிக்காரனை நிறுத்தியிருந்தோம்.
அவன் ஈட்டியை விட்டு ஆழம் பார்த்தான்:
காலையில் முழம், சாயங்காலம் ஓராள்.
நெய்க்குறிச்சித் தலைமடையில்
பலகைகளையெல்லாம் தூக்கினோம், கீழ்க்கரை கரைந்தது.
எல்லாவற்றையும் இறக்கினோம், மேலே உடைத்துக்கொண்டது.
லாயத்தில் குதிரைகளின் காலிடையே கெண்டை துள்ளியது.
வெடிமருந்து மூட்டைகளைப் போட்டு அடைத்தோம்.
நாங்கள் ஜெயித்த யுத்தம்
கறுப்பாய்க் கரைந்து கடைமடை வரைக்கும் போயிற்று.

அதன் பிறகுதான் காத்தாயியை இழுத்து வந்தார்கள்.
மடை பார்த்த சாம்பானின் பெண்சாதி.
சாம்பான் எங்கள் முதல் குண்டிலேயே போனவன்.
பிள்ளைக்கு அம்மை, அதனால் இவள் மட்டும் ஊரைவிடவில்லை.
அவள் மதகைப் பார்க்கவில்லை.
காலை நீரில் வைத்துக் கொஞ்சநேரம் நின்றாள்.
'மூணாம் பலகை. அதை மட்டும் எடுங்க.'
பிறகு எங்கள் சிப்பாய்களை
கீரைக்கட்டு எண்ணுவதுபோல் எண்ணினாள்.
'உடைப்புல தோளோட தோள் நிக்கட்டும்.
பின்னால நாணலும் களியும் போடணும்.
விடியற வரைக்கும்.'

எட்டுக் கோட்டை ஏறிய நூற்றுப்பத்துப் பேர்
மாரளவு தண்ணீருக்கு முதுகு கொடுத்து நின்றார்கள்.
ஒருவன் தூக்கத்தில் அம்மா என்றான், அவன் பாஷையில்.
அந்த ஒரு ராத்திரி நாட்டைப் பிடித்திருந்தோம்,
விட்டால் போய்விடும் என்று தெரிந்து.

விடிந்ததும் திம்மோஜி, என்ன வேண்டும் என்றார்.
'ரெண்டு இளநி. பிள்ளைக்கு.'
மரங்கள் எங்களுடையவை, கணக்கில் ஏற்ற வேண்டும்.
இளநீர் இரண்டு, செலவு.
எந்தத் தலைப்பில் என்று கேட்டேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.

ஆவணியில் வயல்கள் தாமாக நட்டுக்கொண்டன.
ராத்திரி வெறும் சேறு, காலையில் பச்சை.
தடம் பிடித்துப் போன குதிரைக்காரர்கள்
இரண்டு நாள் தெற்கே அலைந்துவிட்டுத் திரும்பினார்கள்.
நாற்று நடுகிறவர்கள் பின்னோக்கி நடப்பார்கள்
என்று படையில் ஒருவனுக்கும் தெரியவில்லை.
தெரிந்த நான் சொல்லவில்லை.

ஐப்பசியில் மேலிடத்துக் கேள்வி வந்தது:
நாடு கைவசம் இருக்கிறதா?
'இருக்கிறது' என்றுதான் எழுதினேன்.
இரண்டு நாளாகியும் மை காயவில்லை.

மூன்றாம் பலகை மேலிருந்தா, கீழிருந்தா?
மழை ஏறினால் அதுவா, வேறா?
தினமும் ஒரு சிப்பாய் கேட்கப் போகிறான்.
ஈட்டியைப் பூவரசில் சாய்த்துவிட்டு
வேப்பிலை செருகிய வாசலுக்கு இப்பால் நிற்கிறான்.
உள்ளே பிள்ளை இருமுகிறது.
அவள் வரும்வரை நிற்கிறான்.